மிச்ச ஈரல் 270 சிசியிலிருந்து 390: வெட்டலாமா, காத்திருக்கலாமா?

#1 ஈரக்குலை

விவாதத்துக்காக ஒரு கணக்கு. பெருங்குடல் புற்று ஈரலுக்குப் பரவியிருக்கிறது. ஈரலை எட்டுப் பகுதிகளாக எண்ணுவார்கள்; கட்டிகள் வலது பக்கம் நெடுகவும் 4-ம் பகுதியிலும் உள்ளன. வலது பக்கத்தோடு 4-ஐயும் சேர்த்து எடுப்பது திட்டம். மிஞ்சுவது 2-ம் 3-ம் பகுதிகள். உயரம் 165 செ.மீ., எடை 62 கிலோ. ஆக்ஸாலிபிளாட்டின் சேர்ந்த கீமோ 6 சுற்று முடிந்துவிட்டது. மிஞ்சப்போகும் ஈரல் அறுவைக்கு முன்பே வளரட்டும் என்று, குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் வெயினை வலது பக்கம் அடைத்தார்கள். அதற்கு முன் மிச்ச ஈரல் 270 சிசி இருந்தது, நான்கு வாரம் கழித்து 390.

120 சிசி கூடியதைப் பார்த்தால் திருப்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் மொத்த ஈரலில் இது எத்தனை பங்கு என்று பார்த்தால் ஒரு சூத்திரத்தில் 29 சதவீதம் வருகிறது, இன்னொன்றில் 33 சதவீதம். கீமோ வாங்கிய ஈரலுக்கு 30 வேண்டும் என்கிறார்கள். எதை நம்பித் தேதி குறிப்பது?

#2 அளவுகோல்

முதலில் கணக்கை ஒழுங்காகப் போட்டுவிடுவோம். உயரத்தையும் எடையையும் பெருக்கி 3600-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் உடல் பரப்பு 1.686 சதுர மீட்டர். வோத்தே சூத்திரப்படி 1267.28-ஐ உடல் பரப்பால் பெருக்கி 794.41-ஐக் கழித்தால் மொத்த ஈரல் 1342 சிசி. ஜப்பானியரை வைத்து உருவான உராட்டா சூத்திரத்தில் 706.2-ஐ உடல் பரப்பால் பெருக்கி 2.4 கூட்டினால் 1193. ஒரே ஆள்தான், வித்தியாசம் கிட்டத்தட்ட 150 சிசி.

வோத்தேயில் 270 என்பது 20.1 சதவீதம், 390 என்பது 29.1. உராட்டாவில் 22.6, 32.7. எது சரி என்பதைவிட, 20, 30, 40 என்ற வரம்புகள் எந்த அளவுகோலோடு பிறந்தவை என்று பார்க்க வேண்டும். நல்ல ஈரலுக்கு 20, நீண்ட கீமோ அல்லது கொழுப்பு படிந்த ஈரலுக்கு 30, சிரோசிஸ் என்ற தழும்பேறிய ஈரலுக்கு 40 என்ற வழக்கம் பெரும்பாலும் வோத்தே கணக்கை ஒட்டி வளர்ந்தது. ஜப்பானில் கனஅளவோடு ஐ.சி.ஜி. சோதனையையும் (ஊசியில் போட்ட சாயத்தை ஈரல் எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்று பார்ப்பது) சேர்த்தே முடிவெடுப்பார்கள். ஒருவருடைய வரம்பையும் இன்னொருவருடைய சூத்திரத்தையும் ஒட்டுப் போட்டால் 30 தானாக வந்துவிடும். அதை வளர்ச்சி என்று சொல்ல முடியாது.

ஸ்கேனில் தெரியும் மொத்த ஈரலையே ஏன் வகுக்கும் எண்ணாக வைப்பதில்லை என்று அடிக்கடி கேட்பார்கள். கட்டி, பித்தத் தேக்கம், சுருங்கிய பகுதி எல்லாம் அந்த எண்ணைக் கெடுக்கும். கட்டிகளின் அளவை ஒவ்வொன்றாகக் கழித்தாலும், பத்துப் பதினைந்து கட்டி இருந்தால் ஒவ்வொன்றிலும் வரும் சிறு பிழை ஒன்று சேர்ந்து பெரிதாகிவிடும்.

#3 நாளவழி

ஈரக்குலை, 390 இருக்கட்டும். அடைப்பில் என்ன பொருள் போட்டார்கள்? 4-ம் பகுதியின் கிளைகளை அடைத்தார்களா?

#4 ஈரக்குலை

பி.வி.ஏ. என்ற பிளாஸ்டிக் துகளும் காயிலும் (சுருள் கம்பி) போட்டார்கள் சார். வலது போர்ட்டல் மட்டும்தான் அடைத்தது. 4-ஐத் தொடவில்லை. அது 150-லிருந்து 190 ஆகியிருக்கிறது.

#5 நாளவழி

பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. வெட்டி எடுக்கப்போகிற பகுதிக்கு 40 சிசி உரம் போட்டிருக்கிறீர்கள். பெரிய மடையை மூடிவிட்டு நடுவில் ஒரு கிளைவாய்க்காலைத் திறந்து விட்டால் தண்ணீர் கடைமடைக்கு எப்படிப் போய்ச் சேரும்? 4-ஐயும் எடுக்கிற திட்டம் என்றால் 4-ன் கிளைகளையும் அடைப்பதே என் கட்சி. 2, 3-க்குள் பொருள் சிதறிவிடும் என்ற பயத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். பயம் நியாயமானதுதான், ஆனால் முறையாகச் செய்தால் சமாளிக்கலாம்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் செய்முறையையும் எழுதிவிடுகிறேன்.

வலது பக்கத்திலிருந்தே நுழைவதுதான் எனக்குப் பிடித்த வழி. அல்ட்ராசவுண்ட் பார்த்து 21 கேஜ் ஊசியால் வலது போர்ட்டலின் ஓரக்கிளை ஒன்றைக் குத்த வேண்டும். நடுத்தண்டைக் குத்தக் கூடாது. அங்கே தமனியும் பித்தநாளமும் பக்கத்திலேயே ஓடுகின்றன. 0.018 கம்பி, பிறகு 5 அல்லது 6 பிரெஞ்சு அளவு ஷீத் (உறைக்குழாய்). ஊசி போகும் பாதையில் கட்டி இருக்கக் கூடாது. பிக்டெயில் கதீட்டரை (சுருண்ட நுனியுள்ள மெல்லிய குழாய்) நடுத்தண்டில் வைத்துப் படம் எடுத்து, கிளைகள் வழக்கமான அமைப்பில்தான் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வலது முன்கிளை இடது தண்டிலிருந்து கிளம்புவது அரிய விஷயம் இல்லை. அதைக் கவனிக்காமல் பசையை விட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அப்போதே அழுத்தத்தையும் அளந்து குறித்து வையுங்கள்.

4-ம் பகுதியை முதலில் முடித்துவிட்டு அப்புறம் வலது பக்கத்துக்கு வர வேண்டும். வரிசையை மாற்றினால் அடைத்து முடித்த நாளங்களுக்குள்ளேயே கதீட்டரை இழுத்துக்கொண்டு திரிய வேண்டிவரும். உறைகட்டி பெயர்ந்து இடது பக்கம் போய்விடும். 4-க்கு மைக்ரோ கதீட்டர் போட்டு, சிறிய துகளில் தொடங்கிப் பெரியதுக்குப் போய், ஓட்டம் மந்தமானதும் நிறுத்திக் காயிலால் மூடலாம். பின்னோக்கி வழிகிறதா என்று ஒவ்வொரு முறையும் படத்தில் தெரியும் கான்ட்ராஸ்ட் மருந்தை விட்டுப் பார்க்க வேண்டும்.

பசை போடுவதென்றால் என்.பி.சி.ஏ. பசையை லிப்பியடால் எண்ணெயோடு 1:4 முதல் 1:8 வரை கலப்பார்கள். பசை கூடினால் கதீட்டர் முனையிலேயே இறுகும், எண்ணெய் கூடினால் தூரம் ஓடும். கதீட்டரை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸால் கழுவ வேண்டும். சலைன் பட்டாலே பசை கெட்டியாகிவிடும். பாலிகார்பனேட் சிரிஞ்சையும் ஸ்டாப்காக்கையும் தவிருங்கள், லிப்பியடால் அவற்றை அரித்துவிடும். வலது தண்டின் தொடக்கத்தில் ஒரு சென்டிமீட்டராவது வெறுமையாக விடுங்கள், இல்லாவிட்டால் அறுவையில் கிளாம்ப் வைக்க இடம் இருக்காது. ஷீத்தை உருவும்போது வந்த தடத்தையும் அடைத்துக்கொண்டே வர வேண்டும்.

ஜெலட்டின் ஸ்பாஞ்ச் மட்டும் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. சில வாரத்திலேயே கரைந்து ஓட்டம் திரும்பிவிடுகிறது.

#6 கத்திமுனை

நாளவழி சொன்னதில் ஒன்றே ஒன்றுக்கு மாற்றுக் கருத்து. 4-ஐ அடைத்தால் 2, 3 அதிகம் வளருகிறதா என்பதில் வெளிவந்த முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. வலது பக்கத்தை மட்டும் அடைத்தே போதுமான வளர்ச்சி கண்டவர்களும் உண்டு. ஆனால் 270-ல் தொடங்குகிறவருக்கு ஒவ்வொரு சிசியும் காசு. இந்தக் கணக்கில் நானும் உங்கள் பக்கமே.

பொருளைப் பற்றி: 2021-இல் வந்த பெஸ்ட்எஃப்எல்ஆர் ஆய்வில் 60 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பசையையும் பி.வி.ஏ.-காயில் சேர்க்கையையும் ஒப்பிட்டார்கள். 14-ம் நாள் பசையில் 46 சதவீதம், பி.வி.ஏ.-வில் 30. 28-ம் நாள் 57-க்கு 37. நம் கணக்கில் 270-லிருந்து 390 என்பது 44 சதவீதம். பி.வி.ஏ.-வுக்கு இது மோசமில்லை.

இடது பக்கம் வழியாக நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கதீட்டர் நேராகப் போகும், வேலை சுலபம், உண்மைதான். ஆனால் நீங்கள் குத்துவது நோயாளிக்கு மிஞ்சப்போகிற ஒரே ஈரலை. அங்கே ரத்தம் கட்டினாலோ இடது போர்ட்டலில் உறைகட்டி வந்தாலோ அறுவையே நின்றுபோகும். முன்னங்கால் பின்னங்கால் இரண்டும் ஒரே குழியில் மாட்டிக்கொண்ட கதைதான்.

#7 புதுவரவு

நான் மருத்துவர் இல்லை, படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். அடைத்தால் ஏன் வளரவேண்டும்? பல்லி வால் மாதிரி வெட்டின பிறகுதானே வளரும்? இன்னொன்று, கீழாநெல்லிச் சாறு கொடுத்தால் இது வேகமாகாதா?

#8 நாளவழி

பல்லி வாலில் வெட்டுப்பட்ட இடமே திரும்ப முளைக்கிறது. ஈரலில் அப்படி நடப்பதில்லை. எடுத்த வலது பக்கம் எடுத்ததுதான், திரும்ப வராது. மிஞ்சிய பகுதியில் இருக்கும் செல்கள் பெருகி அந்தப் பகுதியே பருக்கிறது.

ஈரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் வெயின் வழியே வருகிறது, மீதி தமனி வழியே. வலது போர்ட்டலை அடைத்ததும் அந்த முக்கால் பங்கு முழுதும் இடது பக்கம் திரும்புகிறது. நாளச் சுவரில் ஏறும் உராய்வும் ரத்தத்தோடு வரும் வளர்ச்சிக் காரணிகளும் சேர்ந்து செல்களைப் பிரியத் தூண்டுகின்றன. வலது பக்கம் தமனி ரத்தத்தில் உயிரோடு இருந்தாலும் மெல்லச் சுருங்கும். முயலின் போர்ட்டல் கிளையைக் கட்டினால் அந்தப் பக்கம் சுருங்கி மறுபக்கம் பெருக்கும் என்று ரூஸும் லாரிமோரும் 1920-லேயே எழுதினார்கள். அதை அறுவைக்கு முந்தைய சிகிச்சையாக மனிதருக்குக் கொண்டுவந்தவர் ஜப்பானின் மசாதோஷி மகூச்சி, 1980-களில்.

செல்கள் அழுகிச் சாகாமல் அடங்கி மறைவதால் இதில் காய்ச்சலும் வலியும் குறைவு. ஈரல் நொதிகளான ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. இரண்டும் ரத்தத்தில் முதல் மூன்று நாளில் கொஞ்சம் ஏறி ஒரு வாரம் பத்து நாளில் இறங்கிவிடும். அதற்கு மேலும் காய்ச்சல் அடித்தால் சீழ்க்கட்டி இருக்கிறதா என்று தேடுங்கள்.

#9 சோறும்_மருந்தும்

கீழாநெல்லிக் கேள்வியை என்னிடம் விடுங்கள். ஈரலை வளர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அறுவைக்கு முன் எந்தப் பச்சிலையும் வேண்டாம் என்பதற்குக் காரணமும் உண்டு. ஏ.எல்.டி. திடீரென்று ஏறினால் அடைப்பின் விளைவா, சாற்றின் விளைவா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் தேதி தள்ளிப்போகும். சீந்தில் கொடியால் ஈரல் அழற்சி வந்தவர்களை 2021-இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இயற்கையானது என்பதால் ஈரல் அதற்கு விலக்கு அளிப்பதில்லை.

அதைவிடப் பெரிய கேடு பத்தியம். ஈரல் நோய் என்றதும் வீட்டில் முட்டையை நிறுத்துவார்கள், மீனை நிறுத்துவார்கள், இட்லியும் ரசஞ்சோறுமாக நான்கு வாரம் ஓட்டுவார்கள். செல் பெருகப் புரதம் வேண்டும். ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை, அதாவது 62 கிலோவுக்கு 74 முதல் 93 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம் கிடைக்கும், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20. ஒரு கிண்ணம் சாம்பாரில் பருப்பு எவ்வளவு என்று அவரவர் வீட்டுக்குத் தெரியும். அதை நம்பி இருக்க வேண்டாம், சுண்டலாகக் கொடுங்கள். கலோரி கிலோவுக்கு 30 முதல் 35. சிரோசிஸ் இருந்தால் இரவு படுக்கும் முன் ஒரு சிற்றுண்டி கட்டாயம், நீண்ட பட்டினி தசையைத் தின்னும்.

கொழுப்பு ஈரலுக்கு ஓரிரு வாரம் கலோரி குறைத்த உணவு கொடுத்தால் கொழுப்பு இறங்குவது உண்மைதான். அதை உடல் பருத்தவருக்குத் திட்டமிட்டுச் செய்ய வேண்டும். மெலிந்துகொண்டிருக்கும் புற்று நோயாளிக்கு வளர்ச்சிக் காலத்தில் அதைச் செய்யக் கூடாது. மது முழு நிறுத்தம். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், நீரிழிவுக்காரருக்கு ஈரல் வளர்ச்சி மந்தம்.

#10 பித்தப்பாதை

குடல் புற்றுக் கணக்கையே பேசிக்கொண்டிருக்கிறோம். பித்தநாளச் சந்திப்பில் வரும் புற்றுக்கு முறையே வேறு, அதையும் இங்கே வைத்துவிடுகிறேன்.

அங்கே முதல் வேலை அடைப்பு அல்ல, பித்தம் வடிப்பது. மிஞ்சப்போகும் பக்கத்தின் நாளங்கள் விரிந்திருந்தால் அந்தப் பக்கத்தை வடித்து, ரத்தத்தில் பித்த நிறமியான பிலிருபின் 2 அல்லது 3-க்குக் கீழே வந்த பிறகே போர்ட்டலைத் தொட வேண்டும். பித்தம் தேங்கிய செல் பெருகாது. கிருமி புகுந்த பித்தத்தோடு அடைப்பைச் செய்தால் அது சீழ்க்கட்டியில் முடியும். எடுத்துவிடப் போகிற பக்கத்தை மட்டும் வடித்துவிட்டு பிலிருபின் இறங்கியது என்று சந்தோஷப்படுவது அடிக்கடி நடக்கும் தவறு. இறங்கும்தான், ஆனால் மிஞ்சும் பக்கத்துக்குப் பயனில்லை.

வெளியே வடிகிற பித்தத்தை ஜப்பானிய மையங்கள் நோயாளிக்கே குடிக்கவோ குழாய் வழியோ திருப்பிக் கொடுப்பார்கள். அருவருப்பாகத் தோன்றலாம். குடலுக்குப் பித்த அமிலம் திரும்பினால்தான் வளர்ச்சிக்கான சமிக்ஞை ஈரலுக்குப் போகும். தினம் ஒரு லிட்டரை வாளியில் கொட்டிக்கொண்டே வளரச் சொன்னால் அது எப்படி வளரும்?

சிரோசிஸில் வரும் ஈரல் புற்றுக்கு இன்னொரு நுணுக்கம். போர்ட்டலை அடைத்ததும் தமனி ஓட்டம் கூடும், கட்டியோ தமனியில்தான் வாழ்கிறது. அதனால் முதலில் டேஸ் செய்து, அதாவது தமனி வழியே கீமோ மருந்தை விட்டு அந்த நாளத்தை அடைத்து, கட்டியை அடக்கி, சில வாரம் இடைவெளி விட்டு போர்ட்டலை அடைப்பார்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் இரண்டு ரத்த வழியும் அற்று ஈரல் திசு செத்துப்போகும். ஹெபடைடிஸ் பி இருந்தால் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் தொடங்காமல் எதுவும் வேண்டாம். போர்ட்டல் அழுத்தம் ஏறி உணவுக்குழாயில் வீங்கிய நாளம் இருப்பவரை இந்தப் பேச்சுக்கே எடுக்காதீர்கள்.

#11 ஈரக்குலை

எல்லாருக்கும் நன்றி. என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. 29.1. வெட்டலாமா?

#12 கத்திமுனை

மூன்று எண்ணைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது 29.1, நூலிழையில் குறைவு. இரண்டாவது எடை விகிதம். 390 கிராமை 62 கிலோவால் வகுத்தால் 0.63 சதவீதம். நல்ல ஈரலுக்கு 0.5 போதும் என்பார்கள், பாதிக்கப்பட்ட ஈரலுக்கு 0.8. இடையில் தொங்குகிறது. மூன்றாவது வேகம், எனக்கு இதுதான் முக்கியம். 20.1-லிருந்து 29.1 என்றால் 9 புள்ளி. நான்கு வாரத்துக்குப் பங்கிட்டால் வாரத்துக்கு 2.2 புள்ளிக்கு மேல். 2013-இல் ஷிந்தோவும் ஹூஸ்டன் குழுவினரும் போட்ட கணக்கில், அளவு போதுமான அளவுக்கு வந்தவர்களிலும் வாரத்துக்கு 2-க்குக் கீழே வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஈரல் செயலிழந்தது. 2-க்கு மேல் வளர்ந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. அளவு உண்டியலில் இருக்கும் பணம், வேகம் வருமானம். வேகமாக வளர்ந்த ஈரல் வெட்டிய பிறகும் வளரும் என்று நம்ப இடம் உண்டு.

எனவே என் பதில், வேகம் தேறிவிட்டது, அளவு தேறவில்லை. ஈரலின் நிலை என்ன என்பதைத்தான் நீங்கள் இன்னும் சொல்லவில்லை. மண்ணீரல் கீமோவுக்கு முன் எவ்வளவு, இப்போது எவ்வளவு? தட்டணுக்கள்?

#13 ஈரக்குலை

மண்ணீரல் பெரிதாகியிருக்கிறது சார். தட்டணு 2 லட்சத்து 40 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு இறங்கியிருக்கிறது.

#14 கத்திமுனை

அப்படியென்றால் அது நீல ஈரல். ஆக்ஸாலிபிளாட்டின் நுண்நாளங்களைக் கெடுத்திருக்கிறது. வெட்டும்போது ரத்தம் கசியும், பிறகு வளர்வதும் சிரமம். இரினோடிகன் போட்டிருந்தால் கொழுப்பு படிந்து மஞ்சளாகியிருக்கும். இரண்டுமே 30-ஐத் தளர்த்த விடாது. இந்தத் தட்டணுவோடு 29-ஐ 30 என்று வட்டமாக்கி வெட்ட மாட்டேன்.

#15 மயக்கம்தெளி

ஒத்துக்கொள்கிறேன். அறுவைக்குப் பின் ஐந்தாம் நாள் ஈரல் செயலிழந்த காட்சியை நினைத்துப் பாருங்கள். ரத்தம் உறைய உதவும் புரோத்ராம்பின் 50 சதவீதத்துக்குக் கீழே, பிலிருபின் 50 மைக்ரோமோலுக்கு மேலே, அதாவது ஏறக்குறைய 3 மில்லிகிராம். இரண்டும் சேர்ந்தால் பாதிக்கு மேற்பட்டோர் பிழைப்பதில்லை என்று 2005-இல் பிரெஞ்சு ஆய்வு காட்டியது. அந்த இடத்துக்கு வந்தபின் ஐ.சி.யூ.-வில் செய்ய அதிகம் கிடையாது. அறுவைக்குப் பின் பாஸ்பேட் இறங்குவது வளர்ச்சியின் அடையாளம், இறங்கினால் நிரப்பிக்கொள்ளலாம். இறங்கவே இல்லையென்றால்தான் எனக்குத் தூக்கம் வராது.

#16 ஈரக்குலை

காத்திருந்தால் கட்டி வளராதா? ஆல்ப்ஸ் செய்தால் பத்து நாளில் முடிந்துவிடுமே?

#17 கத்திமுனை

இளைஞர்கள் எல்லாரும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். 2007-இல் ரேகன்ஸ்பர்க்கில் ஹான்ஸ் ஷ்லிட் கிட்டத்தட்டத் தற்செயலாகக் கண்ட முறை. வலது போர்ட்டலைக் கட்டிவிட்டு ஈரலையும் இரண்டாகப் பிளந்து விடுவது, ஒரு வாரம் பத்து நாளில் திரும்பத் திறந்து எடுப்பது. 2012-இல் வெளியான 25 பேர் கணக்கில் சராசரியாக 9 நாளில் 74 சதவீத வளர்ச்சி. கூடவே 12 சதவீத மரணம்.

பிறகு நோயாளித் தேர்வு சீர்பட்டு நிலைமை மேம்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்காண்டிநேவிய லிக்ரோ ஆய்வு 2018-இல் வந்தது. குடல் புற்று பரவி மிச்ச ஈரல் 30 சதவீதத்துக்குக் குறைந்த 100 பேர். ஆல்ப்ஸில் 92 சதவீதத்தினருக்கும் வழக்கமான இரண்டு கட்ட அறுவையில் 57 சதவீதத்தினருக்கும் கட்டியை முழுதாக எடுக்க முடிந்தது. ஆகவே அதை ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் அதில் அளவு முன்னே ஓடும், செயல் பின்னே நொண்டும். பத்தாம் நாள் ஸ்கேனில் தெரிகிற பருமனில் முதிராத செல்லும் நீர்க்கோப்பும் கலந்திருக்கும். நீல ஈரலுக்கு, வேறு வழி இருக்கும்போது, நான் அதை எடுக்க மாட்டேன். பித்தநாளச் சந்திப்புப் புற்றுக்கு ஆல்ப்ஸ் வேண்டவே வேண்டாம்.

காத்திருக்கையில் கட்டி வளர்வது பற்றிய பயம் சரியே. அடைப்பு செய்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் அறுவைக்குப் போவதில்லை. முக்கியக் காரணம் நோய் முற்றுவது, வளர்ச்சி போதாமை அடுத்தது. அதற்காகத்தான் சிலர் இடைக்காலத்தில் கீமோவைத் தொடர்கிறார்கள்; அது வளர்ச்சியைப் பெரிதாகத் தடுப்பதில்லை. இவருக்கு ஆக்ஸாலிபிளாட்டின் மட்டும் இனி வேண்டாம். புது ரத்தநாளம் வளர்வதைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்தும் இருந்தால் கடைசி ஊசிக்கும் அறுவைக்கும் 6 வாரம் இடைவெளி வேண்டும்.

#18 நாளவழி

ஆல்ப்ஸுக்கும் காத்திருப்புக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறதே. ஈரலிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் வலது ஹெபாடிக் வெயினையும் அடைத்துவிடுவது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. மோன்ட்பெலியேயில் போரிஸ் குய்யு குழுவினர் உள்ளே வரும் போர்ட்டலையும் வெளியே போகும் ஹெபாடிக் வெயினையும் ஒரே அமர்வில் அடைத்து 2016-இல் எழுதினார்கள். கொரியர்கள் அதற்கு முன்பே, போர்ட்டல் அடைப்பு போதாதவர்களுக்கு இரண்டாம் கட்டமாக இதைச் செய்துவந்தார்கள். இந்தக் கணக்கு அந்த இரண்டாம் கட்டத்துக்கு ஏற்றது.

ஏன் வேலை செய்கிறது என்றால், போர்ட்டல் அடைத்த பக்கத்திலும் பக்கக் கிளைகள் வழியே கொஞ்சம் ஓட்டம் திரும்பும். வெளிவாசலையும் மூடினால் அந்தக் கசிவு நிற்கும், வலது பக்கம் இன்னும் சுருங்கும்.

நாளத்தை மூடப் போடும் பிளக் (அடைப்பான்) நாளத்தின் விட்டத்தைவிட 30 முதல் 50 சதவீதம் பெரிதாக இருக்க வேண்டும். சின்னதைப் போட்டால் நழுவி இதயத்துக்குப் போகும். முதலில் பிளக், அது உறுதியாக நின்ற பிறகே அதற்குப் பின்னால் பசை. கீழ்ப்பக்கம் தனியாகத் திறக்கும் துணை வலது வெயின் இருக்கிறதா என்று சி.டி.-யில் தேடுங்கள், அதை விட்டுவிட்டால் பாதி வேலை வீண். 4-ம் பகுதி போகப்போவதால் நடு வெயினையும் யோசிக்கலாம். 4 மிஞ்சுகிற திட்டமாக இருந்தால் நடு வெயினைத் தொடவே கூடாது. அதே அமர்வில் 4-ன் போர்ட்டல் கிளைகளையும் முடித்துவிடலாம்.

கதிர் வீசும் இட்ரியம்-90 மணிகளைத் தமனியில் விடும் வழியும் உண்டு. கட்டியையும் அடக்கும், மறுபக்கத்தையும் வளர்க்கும். ஆனால் மாதக் கணக்கில் ஆகும். அவசரமில்லாத ஈரல் புற்றுக்குப் பொருந்தும், இங்கே இல்லை.

#19 பித்தப்பாதை

அதற்கு முன் மெப்ரோஃபெனின் ஸ்கேன் (கதிரியக்க மருந்தை ஈரலின் எந்தப் பகுதி எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்று பார்ப்பது) ஒன்று எடுத்துவிடுங்கள். மிச்சப் பகுதியின் உறிஞ்சும் திறன் உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 2.7 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஓரளவு பாதுகாப்பு. ஆம்ஸ்டர்டாம் குழுவின் வரம்பு இது. ஐ.சி.ஜி. முழு ஈரலுக்கும் சேர்த்து ஒரே எண்ணைத்தான் தரும். அடைத்த பக்கமும் வளர்ந்த பக்கமும் கலந்திருக்கும் இந்த நேரத்தில் பகுதிவாரியாகப் பார்க்கிற சோதனைதான் உதவும்.

#20 அளவுகோல்

இவ்வளவு பேசியாயிற்று, அந்த 390-ஐ யார் அளந்தது, எப்படி அளந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த உடலுக்கு 27 சிசி என்பது 2 புள்ளி. கோட்டை ஒரு விரல் நகர்த்தினால் ஒரு வார வளர்ச்சி தோன்றும் அல்லது மறையும்.

இரண்டு ஸ்கேனும் போர்ட்டல் கட்டத்தில், ஊசி போட்டு ஏறக்குறைய 70 வினாடியில் எடுத்தவையா? ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்தின் தடிமனும் 3 மி.மீ.-க்குள் இருக்கிறதா? வெட்டுக்கோடு இரண்டிலும் 2, 3-க்கும் 4-க்கும் நடுவில் எல்லை காட்டும் ஃபால்சிஃபார்ம் இழையையும் தொப்புள் பிளவையும் ஒட்டி ஒரே மாதிரி போட்டார்களா? அடைப்புக்குப் பின் ஈரல் சுழலும். வலது சுருங்கி இடது ஊதும்போது எல்லையும் நகரும். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே ஆள் இரண்டையும் மறுபடி வரைய வேண்டும்.

முக்கியமாக, 1-ம் பகுதி இதில் சேர்ந்திருக்கிறதா?

#21 ஈரக்குலை

இரண்டு ஸ்கேனையும் மறுபடி வரையச் சொன்னேன். 1-ம் பகுதி இரண்டிலும் விடுபட்டிருக்கிறது. அறுவைத் திட்டத்தில் அது மிஞ்சுகிறது. அடைப்புக்கு முன் 22 சிசி, பின் 26. சேர்த்தால் 292-லிருந்து 416. வோத்தேயில் 21.8-லிருந்து 31.0. 30 தாண்டிவிட்டது!

#22 அளவுகோல்

வேகம் 2.3, எடை விகிதம் 0.67. நல்லது. ஆனால் 31-ம் 29-ம் அளவுப் பிழைக்குள் அடங்கும் எண்கள்தான், ஆச்சரியக்குறி வேண்டாம். 1-ம் பகுதியை இனி எல்லா ஸ்கேனிலும் சேருங்கள். ஒன்றில் சேர்த்து ஒன்றில் விட்டால் இல்லாத வளர்ச்சி தெரியும்.

#23 கத்திமுனை

மெப்ரோஃபெனின் முதலில். 2.7-க்கு மேல் நன்றாகத் தாண்டியிருந்தால், 1-ம் பகுதியைப் பத்திரமாக விடமுடியும் என்று உறுதி செய்துகொண்டு தேதி பாருங்கள். 4-ல் உள்ள கட்டியின் இடத்தையும் மறுபடி பாருங்கள். அது தனியாகச் செதுக்கவோ மைக்ரோவேவில் சுடவோ தோதானது என்றால் 4-ல் பாதி மிஞ்சும், இந்த விவாதமே தேவைப்படாது. 2.7-ஐ ஒட்டியோ கீழேயோ இருந்தால் நாளவழி சொன்ன வெயின் அடைப்பு, இரண்டு வாரத்தில் சி.டி. அந்த சி.டி.-யில் அளவுக்கு முன்னால் 2-லும் 3-லும் புதுக் கட்டி முளைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

#24 நாளவழி

வெயின் அடைப்புக்கு வருவதாக இருந்தால் பழைய போர்ட்டல் படங்களையும் அனுப்பச் சொல்லுங்கள். காயில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, வலது தண்டில் கிளாம்ப் வைக்க இடம் இருக்கிறதா என்பதையும் ஒரே பார்வையில் முடித்துவிடலாம்.